துப்பத் தெரிஞ்சவன் பேச்சு

வாடா பேராண்டி. பை என்ன இம்புட்டுக் கனம்? பாட்டிலா? பைய வையி. ‘டங்’குனு சத்தம் கேட்டுச்சுன்னா உங்க அப்பத்தா அடுப்படியில இருந்து கரண்டியோட வருவா. வந்தா உன்னைய ஒண்ணும் சொல்லமாட்டா, பேரன்ல. என்னையத்தான் ஒரு பார்வை பார்ப்பா.

பெங்களூருல ரெண்டு நாள் உக்காந்து ஒயின் குடிக்கப் படிச்சியாமே, உங்கப்பன் போன்ல சொன்னான். சர்டிபிகேட்டு வேற குடுத்திருக்காய்ங்களாம். காசு எம்புட்டுனு மட்டும் சொல்லிராத. அது எத்தனை பெட்டிப் பழத்துக்குச் சமானம்னு மனசு கணக்குப் போட ஆரம்பிச்சா எனக்கு ராத்திரி உறக்கம் வராது. கம்பத்துல திராட்சைப் பந்தலுக்குக் கீழ தவழ்ந்து வளர்ந்த பய, திராட்சை ரசத்தைப் பத்திப் படிக்க பஸ் ஏறிப் போயிருக்கான். கொல்லன் பட்டறையில பொறந்தவன் ஊசி வாங்க டவுனுக்குப் போன கதை. சரி, என்னதான் சொல்லிக்குடுத்தாய்ங்க?

பிளாக்பெர்ரி வாசமா? அப்புறம், செர்ரி, காட்டுக் காளான், குதிரைச் சேணம். ஏண்டா அப்பு, நீ பிளாக்பெர்ரியக் கண்ணால பார்த்திருக்கியா? குதிரை மேல ஏறியிருக்கியா? தேனி சந்தையில கழுதைய நெருங்கவே பயந்த பய நீ. தின்னாத பழத்தோட வாசத்தை ஒருத்தன் சொல்ல, அதுக்கு நீ தலையாட்டி, அதுக்கு ஒரு சர்டிபிகேட்டு. நாவப்பழ வாசம் வருதுனு சொல்லியிருந்தா உன்னைய மெச்சியிருப்பேன். அதையெல்லாம் அந்த வாத்தியார் ஒத்துக்கமாட்டாராக்கும்?

நீ போர்டோங்கற பேரை வகுப்புல கேட்டிருப்ப. நான் அதை உரக்கடையில கேட்டவன். 1 கிலோ மயில்துத்தம், 1 கிலோ சுண்ணாம்பு, 100 லிட்டர் தண்ணி, போர்டோக் கலவை. துத்தத்தைத் தனியா, சுண்ணாம்பைத் தனியா பிளாஸ்டிக் வாளியில கரைச்சு ஒண்ணாச் சேர்க்கணும். சேர்த்த பெறகு அருவா நுனிய உள்ள விட்டு எடுத்துப் பாக்கணும். இரும்பு மேல செம்பு நிறத்துல படிஞ்சிருந்தா சுண்ணாம்பு பத்தல, இலை கருகிரும். இது தெரியாத கம்பத்து விவசாயி கெடையாது. ஆனா அந்தப் பேரு எப்படி வந்துச்சுனு எனக்கே வெகு நாளாத் தெரியாது. பிரான்ஸ்ல, போர்டோவுக்குப் பக்கத்துல, ரோட்டோரத் தோட்டத்துக்காரய்ங்க களவுக்குப் பயந்து துத்தமும் சுண்ணாம்பும் கலந்து கொடி மேல அடிச்சு விட்டாய்ங்களாம். நீலமும் பச்சையுமா அசிங்கமா இருந்தா எவன் பறிப்பான்? அந்த வழியாப் போன மில்லார்தேங்கற பேராசிரியர், ஊரே அடிச்சாம்பல் நோயில இலை உதிர்ந்து நிக்கையில ரோட்டோரக் கொடி மட்டும் பச்சைப் பசேல்னு நிக்கிறதைப் பார்த்திருக்காரு. 1885ல எழுதி வெளிய விட்டுட்டாரு. திருடனுக்கு வச்ச மருந்து, நோய்க்கு மருந்தாச்சு. அவய்ங்க தோட்டத்து மருந்தைத்தான் நான் நாப்பது வருசமா அடிக்கிறேன். அந்த வகையில எனக்கும் போர்டோவுக்கும் உன்னைய விடப் பழைய சொந்தம்.

பிரான்ஸ்ல உங்க அத்தை வீட்டுக்குப் போயி நாப்பது நாள் இருந்தேன்ல, அப்ப மருமகப்பிள்ளை என்னையக் கார்ல வச்சுத் தோட்டம் காட்டக் கூட்டிப்போனாரு. எனக்குப் பந்தலக் காணோம்னு பெரிய ஏமாத்தம். நம்ம ஊருல பந்தலுக்குக் கீழ ஆளு நிமிர்ந்து நடக்கலாம். அங்க கொடி இடுப்பு உசரம், கம்பியில வரிசை வரிசையா கட்டி வச்சிருக்கான், பள்ளிக்கூடத்துப் பிள்ளைக மாதிரி. மண்ணு எங்க? எல்லாம் கூழாங்கல்லு. தண்ணியும் நம்மள மாதிரி இஷ்டத்துக்குப் பாய்ச்ச முடியாது. பழம் மணத்தக்காளிக்கு அக்கா மாதிரி, பொடிசா, கருகருனு. இதையா உலகமே கொண்டாடுது, சந்தையில வச்சா பெட்டி போகுமானு மருமகப்பிள்ளை காதுல கேட்டேன். அவரு சிரிச்சாரு. பழம் சின்னதா இருந்தாத்தான் சாத்துக்குத் தோல் நெறைய வரும் மாமா, விஷயமே தோல்லதான் இருக்குனாரு.

நம்பமாட்டியா? அந்தக் கொலையில இருந்து ஒரு பன்னீர்ப் பழத்தைப் பிச்சு உள்ளங்கையில நசுக்கு. சாறு என்ன நிறம்? ம்? தண்ணி நிறம். தோல் மட்டுந்தான் கறுப்பு. அந்தத் தோலோட ஊறப்போட்டுப் புளிக்க வச்சா சிவப்பு ஒயின். பிழிஞ்ச கையோட தோலைத் தூக்கி எறிஞ்சுட்டா கறுப்புப் பழத்துலயும் வெள்ளை ஒயின் எடுக்கலாம். ஷாம்பெயின்னு பெருமையாத் திறக்கிறாய்ங்களே, அதுக்குப் போடுற முக்கியமான மூணு திராட்சையில ரெண்டு கறுப்பு. கொஞ்ச நேரம் மட்டும் தோலோட விட்டு எடுத்தா ரோஸ் நிறம். புளிக்கிறது என்ன பெரிய வித்தை? கள்ளு காலையில இனிக்கும், சாயங்காலம் புளிக்கும். பழத்துச் சீனிய ஈஸ்ட்டு தின்னு சாராயச் சத்தா மாத்துது. சீனி மிச்சமில்லாமத் தின்னுட்டா அதுக்கு ‘டிரை’னு பேரு. ஈரமா இருக்கறதை எப்படிடா காய்ஞ்சதுனு சொல்றாய்ங்கனு நான் கேட்டேன், யாரும் பதில் சொல்லல.

அந்தத் தோட்டத்துல ஒரு கெழவரு. என் வயசு இருக்கும். எனக்கும் அவருக்கும் பொதுவா ஒரு பாஷையும் கெடையாது. நிலவறைக்குள்ள கூட்டிப்போனாரு, சில்லுனு, மூச்சு முட்டுற புளிப்பு வாடை, ஆளுயர அடுக்குல ஓக் மரப் பீப்பா, ஒவ்வொண்ணும் 225 லிட்டராம். ஒரு பீப்பாவுல இருந்து கண்ணாடியில கொஞ்சமா ஊத்தினாரு. சுத்தினாரு. மூக்கை உள்ள விட்டு மோந்தாரு. ஒரு வாய் எடுத்துக்கிட்டு, அதோட காத்தையும் சேர்த்து ‘சுர்ர்ர்’னு உறிஞ்சாரு பாரு, அப்படியே ரசஞ்சோறு சாப்புடற சத்தம்! பந்தியில நான் அப்படி உறிஞ்சினதுக்கு உங்க அப்பத்தா தொடையில கிள்ளியிருக்கா. அங்க அதுதான் மரியாதை. ஏன்னா ருசினு நாம சொல்றதுல முக்காவாசி மூக்கு. சளி பிடிச்சவனுக்குக் கறிக்குழம்பும் வெந்நியும் ஒண்ணு. காத்தைச் சேர்த்து உறிஞ்சினா வாசம் தொண்டை வழியா மேலேறி மூக்குக்குள்ள போயிரும்.

அப்புறந்தான் வேடிக்கை. வாயில இருந்ததைப் பூராவும் நாலடி தள்ளியிருந்த வாளிக்குள்ள துப்பினாரு. பயந்துட்டேன். கெட்டுப்போச்சு போலனு நெனச்சேன். மருமகப்பிள்ளை, இல்ல மாமா, இருபது முப்பது வகை ருசி பாக்கணும்ல, எல்லாத்தையும் முழுங்கினா மூணாவதுலயே சாஞ்சிருவோம், அதான் துப்புறதுனாரு. பெரியவரு கண்ணாடிய என் கையில குடுத்து, இப்ப நீயினு கண்ணைக் காட்டினாரு. அம்பது வருசமா வெத்தலை போடுறவன்டா நான். உறிஞ்சினேன். ஒழப்பினேன். ரெண்டு வெரலை உதட்டுல வச்சேன். ஆறடி தூரத்துல இருந்து வாளிக்கு நடு மத்தியில, ஒரு சொட்டு விளிம்புல படல. கெழவரு தொப்பியக் கழட்டிட்டாரு. அந்த வித்தைய நீ எத்தனை நாள்ல படிப்ப?

அவரு என்னைய ‘எப்படி இருக்கு’னு கைச்சாடையில கேட்டாரு. நான் மடியில இருந்து வெத்தலைப் பையை எடுத்து ஒரு கொட்டைப்பாக்கை அவரு கையில வச்சேன். கடிச்சாரு. மூஞ்சி ஒரு பக்கமா இழுத்துக்கிச்சு. உடனே பீப்பாவைக் காட்டிக் காட்டிச் சிரிக்கிறாரு. அவருக்குப் புரிஞ்சு போச்சு.

உங்க வாத்தியார் டானின் டானின்னு கரும்பலகையில எழுதிப் போட்டிருப்பாரே, அதுக்கு நம்ம நாக்கு வச்ச பேரு துவர்ப்பு. அறுசுவையில ஒரு சுவைனு நம்ம ஊருல ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைக்குத் தெரியும். வாழைப்பூ, நாவப்பழம், நெல்லிக்காய், காட்டமாப் போட்ட டீ. எச்சில்ல இருக்கற வழவழப்பை அது உறிஞ்சிக்கிரும், நாக்கு சொரசொரப்பாயிரும், ஈறு இறுகிக்கிரும். துவர்ப்புலயும் தரம் இருக்குடா. பசும்பாக்கு ஒரு மாதிரி அறுக்கும். கொட்டைப்பாக்கு வாயையே பூட்டும். வேகவச்சுக் காயப்போட்ட களிப்பாக்கு இருக்கே, அது துவர்க்கும், ஆனா பட்டுத் துணி மாதிரி. இளசான காபர்நே ஒயின் பசும்பாக்கு. பீப்பாவுலயும் பாட்டில்லயும் சில வருசம் படுத்து எந்திரிச்சது களிப்பாக்கு. எம்புட்டு நேரம் துவர்க்குது, அது அறுக்குதா தடவுதா, இந்த ரெண்டு கேள்வி போதும். பிளாக்பெர்ரி அப்புறம் வரட்டும்.

புளிப்பும் அப்படித்தான். திராட்சையில இருக்கற முக்கியமான அமிலம் டார்டாரிக்; நம்ம புளியில இருக்கறதும் அதேதான். ரசத்துக்குப் புளி கூடுச்சா கொறஞ்சுச்சானு ஒரு சொட்டு உள்ளங்கையில விட்டு நக்கிப் பார்த்துச் சொல்ற உங்க அப்பத்தாளைக் கூட்டிப்போயி அந்த நிலவறையில உக்கார வச்சிருந்தா அவதான் அங்க தலைமை வாத்தியார். புளிப்பு எம்புட்டுனு கண்டுபிடிக்க வழி சொல்றேன். ஒரு வாய் முழுங்கிட்டுத் தலையக் குனிஞ்சு வாயை லேசாத் திறந்து வையி. மாங்காயப் பார்த்த பிள்ளைத்தாச்சி மாதிரி எச்சில் ஊறுச்சுன்னா புளிப்பு நல்லா இருக்குனு அர்த்தம். அது இல்லாத ஒயின் உப்பில்லாப் பண்டம். பாட்டில் அடியில கண்ணாடித் துண்டு மாதிரி மினுமினுனு ஏதாச்சும் கெடந்தா பதறிக் கடைக்காரன்கிட்டச் சண்டைக்குப் போயிராத. அந்தப் புளிச் சத்துதான் குளிர்ல உப்பா உறைஞ்சு கெடக்கு.

வாசத்துக்கு வர்றேன். நம்ம பழத்துக்குப் பன்னீர் திராட்சைனு ஏன் பேரு வந்துச்சு? மோந்து பாரு. ரோசாப் பூவுல இருக்கற வாசச் சத்து இதுலயும் இருக்கு. இதோட பள்ளிக்கூடத்துப் பேரு மஸ்கட் ஹாம்பர்க். பிரெஞ்சுப் பாதிரியார் ஒருத்தர் இந்தப் பக்கம் கொண்டாந்ததா சொல்வாக. 2023ல புவிசார் குறியீடு வாங்கிருச்சு, உன் சர்டிபிகேட்டை விடப் பெருசு. மஸ்கட் ஒயின்ல மட்டுந்தான் திராட்சை வாசமே வரும்னு சொல்றாய்ங்க. மத்த ஒயின்ல எல்லாம் வேற எதோ ஒண்ணுதான் மணக்கும். ஷிராஸை மோந்தா மிளகு. கற்பனை இல்லடா, குமுளிக் கடையில மூட்டை மூட்டையா அடுக்கியிருக்க மிளகுல என்ன வாசச் சத்து இருக்கோ, அதேதான் ஷிராஸ் தோல்லயும் இருக்கு. சோவிஞ்ஞோன் பிளாங்க்ல குடமிளகாயோட பச்சை வாடை, வெட்டுன புல்லு, கொய்யா. பீப்பாவுல கெடந்ததுல வெனிலாவோ தேங்காயோ வரும். மூக்கை விட்டதும் உனக்கு முதல்ல என்ன ஞாபகம் வருதோ அதைச் சொல்லு. ஈர மண்ணா, விபூதியா, உங்க அப்பத்தா அஞ்சறைப் பெட்டியா, எதுவா இருந்தாலும். வெள்ளைக்காரன் மூக்கை இரவல் வாங்காத.

அவய்ங்க மூக்கும் லேசுப்பட்டது இல்ல. 2001ல ஒரு ஆராய்ச்சி வெளிவந்துச்சாம், மருமகப்பிள்ளைதான் சொன்னாரு. போர்டோ பல்கலைக்கழகத்துல ஒயினைப் பத்தியே படிக்கிற 54 பேருக்கு வெள்ளை ஒயின்ல வாசமில்லாத சிவப்புச் சாயத்தைக் கலந்து குடுத்திருக்காய்ங்க. அதைப் பெரும்பாலும் சிவப்பு ஒயினுக்குச் சொல்ற வார்த்தையிலதான் வர்ணிச்சிருக்காய்ங்க. மூக்கு மேல கண்ணு ஏறி உக்காந்துக்கிச்சு. 1976 மே மாசம் பாரிஸ்ல ஸ்டீவன் ஸ்பரியர்ங்கற இங்கிலீஷ்கார வியாபாரி, பேரை மறைச்சு பிரெஞ்சு நடுவர்களுக்கே ஊத்திக் குடுத்தப்ப, வெள்ளை சிவப்பு ரெண்டுலயும் கலிஃபோர்னியா ஒயின் முதல் இடம் வந்துருச்சு. பேரு தெரிஞ்சிருந்தா வந்திருக்குமா? பொண்ணு பாக்கப் போயிட்டு வீட்டைப் பார்த்துட்டு வர்றவய்ங்கதான எல்லாரும்.

இந்தா, மதுரையில உங்க சித்தப்பன் மகன் கல்யாண நாளைக்கு அந்தப் பெரிய ஹோட்டலுக்குப் போனோமே, ஞாபகம் இருக்கா? சர்வர் தம்பி கார்க்கைப் பிடுங்கி உன் கண்ணாடியில ஒரு மொடக்கு ஊத்திட்டு நின்னான். நீ கண்ணை மூடி, புருவத்தைத் தூக்கி, ‘பரவால்ல, ஆனா எனக்கு இன்னும் கொஞ்சம் தைரியமா வேணும்’னே. அந்தப் பய முழிச்ச முழி இன்னும் என் கண்ணுலயே நிக்குது. தைரியமா வேணுமாம்ல! அவன் உன் அபிப்பிராயம் கேட்கலடா கோட்டிப்பயலே. சரக்கு கெட்டிருக்கா இல்லையானு பாருங்கனுதான் ஊத்தறான். கார்க்குல பூசணம் பட்டுச்சுன்னா மழையில நனைஞ்ச அட்டைப்பெட்டி வாடை வரும். நம்ம பழம் அடுக்குற பெட்டி ஐப்பசி அடைமழையில ஒரு வாடை அடிக்குமே, அதே. இல்லாட்டி காடி வாடை. ரெண்டும் இல்லைனா தலைய ஆட்டணும், அம்புட்டுத்தான்.

இன்னொண்ணு. சிவப்பு ஒயினை அறை வெப்பத்துல குடிக்கணும்னு சொன்னாய்ங்களா? எவன் வீட்டு அறை? அந்தக் கெழவரு வீட்டுக் கல்லு அறையில 16, 18 டிகிரி. நம்ம வீட்டு அறையில சித்திரையில உக்காந்தா நீயே புளிச்சுப்போவ. அந்தச் சூட்டுல ஊத்தினா சாராய நெடிதான் மூக்குல ஏறும். சிவப்பை அரை மணி நேரம் ஃபிரிட்ஜுல வச்சு எடு. வெள்ளைய இன்னும் நேரம் வையி, 10 டிகிரி கிட்ட வரட்டும். அதுக்காகப் பனிக்கட்டியா ஆக்கிராத, வாசம் போர்வைக்குள்ள சுருண்டு படுத்துக்கிரும். கண்ணாடியத் தண்டுல பிடிக்கச் சொல்றதும் இதுக்குத்தான், உள்ளங்கைச் சூடு ஏறக்கூடாதுனு. ஸ்டைலுக்கு இல்ல.

வாங்கப் போறப்ப பாட்டிலைத் தூக்கிப் பார்த்து, கனமா இருக்கு, அடியில குழி ஆழமா இருக்குனு வாங்குறவன் கண்ணாடி வியாபாரத்துக்குத்தான் போகணும். கடையில எங்க வச்சிருக்கான்னு பாரு. ஜன்னல் வெயில்ல மினுக்குறதுக்காக நிக்க வச்சிருந்தா, அது ஒயின் இல்ல, கஷாயம். திருகு மூடினா மட்டம்னு நெனைக்காத. நியூஸிலாந்துல நல்ல சரக்குக்கே அதான், பூசணத் தொல்லையும் இல்ல. வெள்ளைன்னா புது வருசமாப் பார்த்து எடு. பழசானா எல்லாம் ஒசத்தினு ஒரு பேச்சு இருக்குல்ல, அது என்னைய மாதிரி ஆளுக கெளப்பிவிட்டது. பெரும்பாலான ஒயின் ரெண்டு மூணு வருசத்துல குடிக்கத்தான் செஞ்சது. கை நெறைய வெளிநாட்டுக் காசு குடுக்கறதுக்கு முந்தி நாசிக் பக்கத்துச் செனின் பிளாங்க் ஒண்ணு, ஷிராஸ் ஒண்ணு வாங்கி, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுக் குடி. ஒண்ணை மட்டும் குடிச்சா ஒண்ணும் தெரியாது. ரெண்டு மருமக வந்த பெறகுதான மாமியாளுக்கு மொத மருமக அருமை தெரியும்.

சாப்பாட்டுக்கு? மிளகுச் சுக்காவுக்கு ஷிராஸ் சரி. கறியில இருக்கற கொழுப்பும் புரதமும் துவர்ப்பை அடக்கிரும். மீனுக்கு எலுமிச்சை பிழியற எடத்துல புளிப்பான வெள்ளை. ஆனா உங்க அப்பத்தா வைக்கிற மிளகாக் குழம்போட துவர்ப்பான சிவப்பைக் குடிச்ச, ரெண்டும் சேர்ந்து உன் வாயில தீ மிதிக்கும். அதுக்கு லேசா இனிக்கிற வெள்ளைய நல்லாக் குளிர வச்சு எடு. தயிர்சாதத்துக்கு ஊறுகாய் போதும்.

நம்ம தமிழ் வாத்தியார் ஒருத்தர் சொல்வாரு, யவனக் கப்பல்ல வந்த தேறலைப் பாண்டியன் நன்மாறன் பொன்கலத்துல குடிச்சதை நக்கீரர் புறநானூத்துல 56ஆம் பாட்டுல பாடியிருக்காருனு. அரிக்கமேட்டுல 1945ல தோண்டினப்ப அந்தச் சரக்கு வந்த ரெண்டு காது ஜாடி ஓடு குவியலாக் கெடச்சுச்சாம். அந்தப் பாண்டியனுக்கு எவன்டா சர்டிபிகேட்டு குடுத்தான்?

சரி, சரி, மூஞ்சியத் தூக்கி வச்சுக்காத. திறந்தா மிச்சத்தை மூடி ஃபிரிட்ஜுல வையி, மூணு நாலு நாளைக்குத் தாங்கும். அதுக்கு மேல போனா உங்க அப்பத்தா காடினு நெனச்சு ஊறுகாய்ல ஊத்திருவா, போன தடவை உங்கப்பன் கொண்டாந்தது அப்படித்தான் போச்சு. அந்த ஊறுகாய் நல்லாத்தான் இருந்துச்சு, அதைச் சொல்லணும்.

அவ கொல்லைப் பக்கம் போயிட்டா போல. ஊத்து. நெறைய இல்லடா, மூணுல ஒரு பங்கு, சுத்துறதுக்கு எடம் வேணும்ல. அப்படியே அந்தப் படிக்கத்தை இங்கிட்டு நகட்டி வையி. துப்பப்போறனாவா? எனக்கென்ன பைத்தியமா. அவ திடீர்னு வந்துட்டா, வெத்தலை போட்டுக்கிட்டிருந்தேன்னு சொல்ல வேணாமா?